காப்பீட்டுப் பத்திரத்தில் யாருக்கு இடமிருக்கிறது?

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி செல்லும் சாலையில் ஏரி இறாலையும் நண்டையும் ஏற்றிய சரக்கு வாகனங்கள் சென்னையை நோக்கி விரைகின்றன. அதே வாகனங்களின் பின்புறத்தில் திருமண வீட்டாரும் ஜனாஸாவுக்குச் செல்வோரும் ஏறிக்கொள்வதை நாம் இயல்பாகவே எடுத்துக்கொள்கிறோம். அந்த வண்டி கவிழ்ந்தால் அவர்களுக்கு யார் பொறுப்பு என்று நாம் கேட்பதில்லை.

காப்பீடு கூடுமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியிருப்பதால், அந்த அளவுக்கு எடுப்பதை அறிஞர் பலர் அனுமதிக்கின்றனர். ஆகவே ஆண்டுதோறும் பணம் கட்டுகிறோம். எதற்குக் கட்டுகிறோம் என்பதைத்தான் அறியாதிருக்கிறோம்.

மூன்றாம் நபர் காப்பீடு பிறருக்கானது. நம் வாகனத்தால் ஒருவர் இறந்தாலோ காயமடைந்தாலோ தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீட்டையும், பிறர் சொத்துக்கு நேரும் சேதத்தை ரூ.7.5 லட்சம் வரையிலும் அது ஏற்கும். நம் வண்டியின் சேதத்துக்கு ஒரு ரூபாயும் கிடைக்காது.

வண்டியில் உடன் வருவோரின் நிலை என்ன? சரக்கு வாகனத்தில் இலவசமாக ஏறிச் செல்வோருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரக்கின் உரிமையாளருக்கும் அவருடைய பிரதிநிதிக்கும் மட்டுமே சட்டத்தில் இடமுண்டு. இருசக்கர வாகனத்தின் பின்னால் அமர்ந்து செல்பவரையும் கட்டாயக் காப்பீடு காக்காது என்று 2006இல் அதே நீதிமன்றம் கூறியது. சொந்தக் காரில் வரும் குடும்பத்தாருக்குப் பாதுகாப்பு வேண்டுமெனில் விரிவான காப்பீடு தேவை.

‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்று நாம் அழைக்கும் அந்த விரிவான காப்பீடு, நம் வண்டிக்கு விபத்து, திருட்டு, தீ, வெள்ளம், புயல் ஆகியவற்றால் நேரும் சேதத்தையும் ஏற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலைக் கண்ட நமக்கு இதன் அருமை தெரியும். ஆனால் அதுவும் முழுமையானதன்று. நீரில் நின்ற வண்டியை இயக்கி எஞ்சின் பழுதானால், எஞ்சின் பாதுகாப்பு என்னும் கூடுதல் பிரிவு இல்லாதவருக்கு இழப்பீடு கிடைப்பது அரிது. உப்புக் காற்றில் பிடிக்கும் துருவுக்கு எந்தப் பிரிவிலும் இடமில்லை. மாற்றப்படும் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களின் விலையில் பாதியைத் தேய்மானம் எனக் கழித்துவிடுவர். ‘பம்பர் டு பம்பர்’ பிரிவு இருந்தால் அக்கழிவு இராது. ரூ.15 லட்சத் தனிநபர் விபத்துக் காப்பீடும், உரிமம் பெற்ற வாகன உரிமையாளருக்கே உரியது. வண்டியை ஓட்டும் மகனுக்கு அன்று.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது தவக்குல் வைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். படித்தறியாத பத்திரம் கட்டாத கயிற்றுக்கு ஒப்பாகும். நம் கவனக்குறைவால் ஒருவர் உயிரிழந்து, அவருடைய பிள்ளைகள் இழப்பீடின்றி நிற்பார்களாயின், அது அடியார்களின் ஹக்கு. அதை நாம் மறுமைக்குச் சுமந்து செல்லலாகாது.

எனவே, அடுத்த முறை புதுப்பிக்கும் முன் பத்திரத்தை வீட்டார் அனைவரும் அமர்ந்து படிப்போம். படிக்க இயலாதோருக்கு விளக்கிச் சொல்ல, ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரத்தை ஜமாஅத்தார் ஒதுக்கட்டும். அதுவரை, சரக்கு வண்டியின் பின்புறத்தில் நம் பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றாதிருப்போம்.