புலிக்கும் செவ்வாய்க்கிழமைதான் லீவு!



"ஒரு நாள் லீவு கிடைச்சா போதும், இந்தக் கம்பெனிப் பொண்ணுங்க ஆட்டம் தாங்கலை!" இப்படி ஒரு பேச்சு எங்கள் ஊரில் மளிகைக் கடை முதல் கோயில் பிரகாரம் வரை அடிபடுகிறது. அந்த ஆட்டத்தைத் தினமும் பக்கத்திலிருந்து பார்க்கிறவள் என்ற முறையில் நாலு வார்த்தை எழுதலாம் என்று தோன்றியது.

எங்கள் வீட்டு மாடி போர்ஷனில் ஆறு பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். திருவண்ணாமலை, விழுப்புரம், புதுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள். எல்லோருக்கும் 20லிருந்து 24 வயசுக்குள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஆளுக்கொரு கம்பெனி, ஆளுக்கொரு ஷிப்ட். ஒருத்தி எழுந்திருக்கும்போதுதான் இன்னொருத்தி படுக்கிறாள். ஆறு பேருக்கு நாலு பாய் போதும். ஆனால் பாய்ச் சூடு ஆறுவதே இல்லை! காலை எட்டு மணிக்கு நான் கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தால், "குட் நைட் ஆன்ட்டி" என்று சொல்லிக்கொண்டு ஒருத்தி படியேறுகிறாள். விடிகாலையில் அலாரம் அடித்தால் மற்ற ஐந்து பேரும் விழித்துக் கொள்வார்கள், வைத்தவளைத் தவிர!

இவர்களுடைய பொழுதுபோக்கு என்ன தெரியுமா? முதல் இடம் தூக்கத்துக்கு. இரண்டாவது இடம் செல்போன். கம்பெனி பஸ்ஸில் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு பாட்டு கேட்பார்களாம். ஒரு சினிமாவை மூணு நாள் பஸ்ஸிலேயே பார்த்து முடிப்பார்களாம். வில்லன் யார்னு தெரியறதுக்குள்ள ஷிப்ட் மாறிடுதாம்!

மூன்றாவதுதான் அந்தப் பேர்போன லீவு நாள். காலையில் ஒரு வாரத் துணி துவைத்தல், தலைக்கு எண்ணெய்க் குளியல், மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் மொட்டை மாடியில் செல்பி. அதிகம் போனால் வல்லக்கோட்டை முருகன் கோயில், இல்லாவிட்டால் காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவைகளை (வாங்காமல்) பார்த்துவிட்டு வருவது. ஆட்டம் என்பது இவ்வளவுதான் தோழிகளே!

ஒருமுறை மூன்று பேருக்குச் சேர்ந்தாற்போல லீவு அமைந்தது. ஒரகடத்தில் இருந்து நேர் ரோடாச்சே என்று வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குக் கிளம்பினார்கள். போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. பூங்காவுக்கு வார விடுமுறை! "புலிக்கும் எங்களுக்கும் ஒரே நாள் வீக் ஆஃப் ஆன்ட்டி" என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பெங்களூரு நெடுஞ்சாலையில் செம்பரம்பாக்கத்தில் உள்ள பிலிம் சிட்டியில்தான் 2017ல் பிக்பாஸ் வீட்டுக்கு செட் போட்டார்கள். அந்தப் பேச்சு வந்தபோது ஒருத்தி சொன்னாள்: "நூறு நாளைக்கே அவங்க அப்படி அழறாங்க. நாங்க வருஷக்கணக்கா இருக்கோம். எங்களை யாரும் எலிமினேட் கூடப் பண்ண மாட்டேங்கறாங்க!"

நம்முடைய இருபதுகளை நினைத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிறு சாயங்காலம் தூர்தர்ஷனில் ஒரு படம். அதையும் இடுப்பில் ஒரு குழந்தை, அடுப்பில் ஒரு குழம்பு என்று பாதிதான் பார்த்திருப்போம். அப்போது நாம் விரும்பியிருந்தாலும் பேக்டரியில் நைட் ஷிப்ட் போயிருக்க முடியாது. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் பெண்களின் ராத்திரி வேலைக்குத் தடை போட்டிருந்தது. 2000ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்று சொன்ன பிறகுதான் இங்கே கதவு திறந்தது. இன்றைக்கு இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 100க்கு 40 பேர் நம் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள் என்கிறது மத்திய அரசின் கணக்கு.

கதவு திறந்ததே தவிர, எவ்வளவு நாள் திறந்திருக்கும் என்பது யார் கையிலும் இல்லை. 2006ல் இங்கே உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா 2014ல் மூடியபோது ஆயிரக்கணக்கான பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பியதை இந்த ஊர் பார்த்தது. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பல பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும், மற்றவர்கள் நெடுஞ்சாலையிலேயே உட்கார்ந்து போராடியதும் நினைவிருக்கும். பின்னர் 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் பெரிய விடுதியை அரசு திறந்தது. நல்ல காரியம். ஆனால் எங்கள் மாடிப் பெண்கள் போல வாடகை அறைகளில் இருப்பவர்களும் ஏராளம். அவர்களுக்கு மொட்டை மாடிதான் பார்க்கு, பீச்சு, தியேட்டர் எல்லாம்!

சம்பளத்தில் பெரும்பகுதி ஊருக்குப் போய்விடுகிறது. ஒருத்தி தம்பிக்கு பாலிடெக்னிக் பீஸ் கட்டுகிறாள். ஒருத்தி கூரை வீட்டைத் தளம் போட்ட வீடாக்குகிறாள். இன்னொருத்திக்கு வரும் தை மாசம் கல்யாணம். அவளுடைய ஒரே ஆசை, அதற்குள் ஆறு பேரும் சேர்ந்து ஒரு தடவை மாமல்லபுரம் போய்க் கடலில் கால் நனைக்க வேண்டுமாம். ஆறு பேருக்கும் ஒரே நாள் லீவு என்பது சூரிய கிரகணம் மாதிரி. நானும் காலண்டரைப் புரட்டிக்கொண்டே இருக்கிறேன்.

கம்பெனிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வார லீவு எந்த நாள் என்பதை ஒரு மாசம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். வேண்டியபோது மாற்றிக்கொள்ளவும் விடுங்கள். உங்களுக்கு இதில் பெரிய செலவு ஒன்றும் இல்லை. பஞ்சாயத்துக்காரர்களுக்கு இன்னொன்று. வெளிச்சமான ஒரு பூங்கா, ராத்திரி ஒன்பது மணி வரை ஒரு படிப்பகம் இருந்தால் இந்தப் பிள்ளைகள் வாழ்த்துவார்கள்.

நமக்கும் ஒன்று இருக்கிறது தோழிகளே. "எங்கே போயிட்டு வர்றே? ஏன் இவ்வளவு நேரம்?" என்று வாசலில் நின்று விசாரிக்க அவர்களுக்கு ஊரில் ஏற்கனவே ஆள் இருக்கிறது. ராத்திரி மாடியில் சிரிப்புச் சத்தம் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டுமே! முடிந்தால் ஒரு கிண்ணம் மீன் குழம்பு கொடுத்து விடுங்கள். கிண்ணம் வெறுமனே திரும்பி வராது. நாலு முறுக்காவது அதில் இருக்கும், இது என் அனுபவம்!

— ஓர் இல்லத்தரசி, சுங்குவார்சத்திரம்.