சுக்கான் பிடிக்கும் கைக்கும் ஆறுதல் வேண்டும்

படகு தட்டினாலும், உழவு இயந்திரம் வேலியில் ஏறினாலும், "ஓட்டியவனுக்குக் கவனம் போதாது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். இது நியாயமா என்று நாம் சிந்திக்க வேண்டும்.

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலக் கடற்பயணம். கச்சான் காலத்தில் ஒவ்வோர் அலையும் ஓட்டியை விழிப்பாக வைத்திருக்கும். ஆபத்து கடல் அமைதியாகக் கிடக்கும் நாளில்தான். ஒரே இயந்திர இரைச்சல், ஒரே வெயில், கையில் ஒரே சுக்கான். கண் திறந்திருக்கும், மனம் சில வினாடி விட்டுப் போய்விடும்.

இது சோம்பல் அல்ல. நியூசிலாந்தின் கிறைஸ்ற்சேர்ச் நகர ஆய்வாளர்கள், நித்திரைக் குறைவில்லாத 15 பேரை, திரையில் அசையும் குறியைக் கையால் இயக்கி ஒரு மணித்தியாலம் விடாமல் பின்தொடரச் செய்தார்கள். 2006இல் வெளிவந்த முடிவின்படி 14 பேருக்கு இடையிடையே கவனம் அறுந்தது. ஒவ்வொரு முறையும் சராசரியாக மூன்று வினாடிக்குச் சற்று மேல். மணிக்கு 15 கிலோமீற்றர் ஓடும் வள்ளம் மூன்று வினாடியில் 12 மீற்றர் கடந்துவிடும். ஆழம் குறைந்த எமது கடலில் ஒரு பாரில் ஏறுவதற்கு அது போதும்.

அப்படியானால் வழி என்ன? "கவனமாய் ஓட்டு" என்ற புத்திமதி போதாது. 1948இல் இங்கிலாந்தில் நோர்மன் மக்வோர்த் என்பவர், நீண்ட நேரம் காவல் பார்ப்போரின் விழிப்பு அரை மணித்தியாலத்திற்குள்ளேயே குறைவதைக் காட்டினார். அரை மணிக்கு ஒருமுறை ஆறுதல் கொடுத்தபோது அந்த விழிப்பு குறையவில்லை.

ஆகவே பாதி வழியில் கை மாற வேண்டும். சுக்கான் பழகிய இரண்டாமவர் படகில் இருக்க வேண்டும். அவருக்குரிய கூலியைப் படகுக்காரர் தலையில் மட்டும் கட்டாமல், பயணிகளும் சங்கங்களும் பங்கிட வேண்டும். பெயர்ந்து வாழும் இடங்களில் லாண்ட்மாஸ்டர் பிடித்துக் கூலிக்கு உழும் எமது பிள்ளைகளுக்கும் இதே முறைதான். ஏக்கர் கணக்கில் கூலி பேசும்போது, அரை மணிக்கு ஒருமுறை இறங்கி நிற்கும் நேரத்தையும் சேர்த்துப் பேசுங்கள்.

வீட்டையும் காணியையும் இழந்தபின் எமக்கு மிஞ்சியிருப்பவை உயிர்களே. அவற்றை ஒரே மனிதனின் களைத்த கையில் ஒப்படைத்துவிட்டு, பிறகு அவனையே குற்றம் சொல்வது நீதியல்ல.