யாருடைய விருப்பம்?

மூன்றாவது சுற்று ஆட்குறைப்பு முடிந்த மறுநாள், மிஞ்சியிருந்தவர்களுக்கு எங்கள் கம்பெனி ஆன்லைனில் மூச்சுப்பயிற்சி வகுப்பு வைத்தது. நான் சேரம்பாடியில், வீட்டில் இருந்தேன். ஜன்னலோரத்தில் மட்டும்தான் சிக்னல் நிற்கும். கண்ணை மூடி, நாலு எண்ணி மூச்சை இழுத்து, நாலு எண்ணி விட்டுக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து அம்மா கேட்டாள்.

"என்னடா தம்பி, நெஞ்சு வலிக்குதா?"

விஷயத்தைச் சொன்னேன். முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவள் அவள். உடனே விசாரணையில் இறங்கிவிட்டாள். எத்தன பேரு? யார் யாரு? லெட்டர்ல என்ன காரணம் போட்டிருக்கான்? எதற்கும் என்னிடம் பதில் இல்லை. எண்ணிக்கையைக் கம்பெனி சொல்லவில்லை. பெயர்கள், சாட்டில் திடீரென்று காணாமல்போன படங்களை வைத்து நாங்களே ஊகித்தவை. லெட்டர் கிடையவே கிடையாது, ஏனென்றால் எல்லோரும் 'தாங்களாகவே' ராஜினாமா செய்திருந்தார்கள்.

"அப்ப அவங்களா போனாங்களா?"

"இல்லம்மா, போகச் சொன்னாங்க."

"அப்புறம் எதுக்கு இவங்க எழுதிக் குடுத்தாங்க?"

அன்றைக்கு மழுப்பிவிட்டேன். இரண்டு வாரமாக அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

ஐடியில் இருப்பவர்களுக்கு நடைமுறை தெரியும். காலண்டரில் தலைப்பில்லாத ஒரு மீட்டிங் விழும். மேனேஜர் இருப்பார், கூடவே முன்பின் பார்த்திராத ஒரு ஹெச்ஆர். 'இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள நீங்களே ராஜினாமா போட்டுட்டா ரிலீவிங் லெட்டர் சுத்தமா வரும், இல்லன்னா நாங்க டெர்மினேட் பண்ண வேண்டியிருக்கும், அடுத்த கம்பெனி வெரிஃபிகேஷன்ல அது தெரியும்.' பதினைந்து நிமிஷம்தான். பத்து வருஷ வேலை ஒரு பொத்தானில் முடியும். இந்தப் பொத்தானுக்கு ஏன் இவ்வளவு அவசரம்? 1947-ன் தொழில் தகராறு சட்டத்தில், ஆளைக் குறைப்பதென்றால் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ கொடுக்க வேண்டும், முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம் கொடுக்க வேண்டும், அரசுக்கும் தெரிவிக்க வேண்டும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் இவை இருக்கின்றன. ராஜினாமா என்றால் இதெல்லாம் வேண்டாம். நாம் அழுத்தும் பொத்தான், 'ஆட்குறைப்பு' என்ற சொல்லையே பதிவேட்டிலிருந்து அழித்துவிடுகிறது. பிறகு கம்பெனி மூச்சுப்பயிற்சி நடத்துகிறது, மொரேல் குறைந்துவிட்டதாம்!

எனக்குக் கோபம் இந்த 'மொரேல்' மேல்தான். அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாதவன் தூங்காமல் கிடப்பது வியாதி இல்லை. அவனுக்கு நிலவரம் சரியாகப் புரிந்திருக்கிறது, அவ்வளவுதான். அதை மனநலப் பிரச்சினையாக, தன்னம்பிக்கைக் குறைவாக, 'ஸ்கில் அப்டேட் பண்ணல' என்ற குற்றமாக மாற்றி அவன் தலையிலேயே கட்டுவது பெரிய தந்திரம். 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் 2 சதவீதம், ஏறக்குறைய 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது, நடுநிலை, மூத்த நிலை ஆட்களே பெரும்பாலும் என்று சொன்னார்கள். முப்பதுகளில் இருக்கும் என் தலைமுறை. அன்று இரவு நாங்கள் செய்தது என்ன? ஆளுக்கொரு ஏஐ கோர்ஸ் வாங்கினோம். நானும் வாங்கினேன். முதல் வீடியோவைத் தாண்டவில்லை.

சேரம்பாடிக்காரர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. எங்கள் ஊரில் பாதிப் பேர் இங்கு இருப்பதே, எண்ணிக்கையைக் குறைப்பதற்காக இரண்டு பிரதமர்கள் போட்ட ஒரு கையெழுத்தால்தான். 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கையில் நாடற்றவர்களாக்கப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கேயே, மிச்சம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. அம்மா ஒன்பது வயசில் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இருந்து, இங்கே லயத்துக்கு வந்தவள். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே வளர்ந்த அரசுத் தேயிலைத் தோட்டங்கள் 1976-ல் டேன்டீ என்ற நிறுவனமாயின. 2022 அக்டோபரில், நஷ்டம் என்று சொல்லி, அந்த டேன்டீ நிலத்தில் 2,152 ஹெக்டேரை வனத்துறையிடம் திருப்பிக் கொடுக்க அரசு உத்தரவிட்டது. கூடலூர், பந்தலூர் பக்கமெல்லாம் ஜனம் ரோட்டுக்கு வந்தது. 'நான் இன்னும் வேகமாகக் கொழுந்து எடுத்திருக்கலாமோ' என்று அங்கே ஒரு அக்காகூட யோசிக்கவில்லை. எங்கோ ஒருவர் முடிவெடுத்திருக்கிறார், அவர் யார், உத்தரவு நம்பர் என்ன என்றுதான் கேட்டார்கள்.

தோட்டத்தைப் பொன்னுலகமாக்க நான் வரவில்லை. வேலை போனால் லயத்து வீடும் போகும். கூரை ஒழுகும். நிறை குறைந்தால் செக்ரோலில் அரைப்பேர்தான் விழும், அரைநாள் கூலி. ஆனால் தராசு எல்லார் கண் முன்னாலும் தொங்கும், முள்ளைப் பார்த்துச் சண்டை போடலாம். எங்கள் பிஐபி-யில் தராசு எங்கே தொங்குகிறது என்று யாராவது பார்த்திருக்கிறீர்களா?

இன்னொரு வேடிக்கை. பெரிய தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் இந்த மூன்றிலும் அரசின் முன் அனுமதி இல்லாமல் ஆட்குறைப்பு செய்யக்கூடாது. முன்பு 100 தொழிலாளர் இருந்தாலே போதும், புதிய தொகுப்பு அதை 300 ஆக்கிவிட்டது. ஐடி அந்தப் பட்டியலிலேயே இல்லை. காகிதத்திலாவது அம்மாவுக்கு இருந்த காப்பு, இன்ஜினியரிங் படித்த எனக்கு இல்லை. காகிதம் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடாது என்பதும் உண்மை. 2024-ல் மாஞ்சோலையில் தோட்டத்தையே மூடியபோது தொழிலாளர்களுக்கு நீட்டப்பட்ட தாளின் பெயர் 'விருப்ப ஓய்வு'. அந்த 'விருப்பம்' ஓஎம்ஆர் ரோட்டுக்கும் மாஞ்சோலைக்கும் பொது. ஆனால் மாஞ்சோலைக்காரர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தோற்றார்கள், இருந்தும் போனார்கள்.

நாம் போகாததற்குக் காரணம், 'தொழிலாளி' என்ற சொல் நமக்குக் கூசுகிறது. விசிட்டிங் கார்டில் லீட், மேனேஜர் என்று போட்டுக்கொண்டு, நம்மை நிர்வாகத்தின் ஆளாகவே நினைக்கிறோம். நீதிமன்றங்கள் பதவிப் பெயரைப் பார்ப்பதில்லை, நீங்கள் உண்மையில் செய்யும் வேலையைத்தான் பார்க்கும். நாள் முழுக்கக் கோடு எழுதுபவர் கார்டில் என்ன போட்டிருந்தாலும் கோடு எழுதுபவர்தான். 2015 ஜனவரியில், கர்ப்பிணியான ஒரு டிசிஎஸ் ஊழியர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தன் பணிநீக்கத்துக்கு இடைக்காலத் தடை வாங்கினார். ஐடி ஊழியர்கள் சங்கம் வைக்கத் தடையில்லை என்று 2016-ல் தமிழக அரசே தெளிவுபடுத்தியது. ஜெர்மனியில் ஊழியர் குழு இருக்கும் கம்பெனியில், அந்தக் குழுவைக் கேட்காமல் ஒருத்தரை நீக்கினால் அந்த நீக்கம் செல்லாது. இங்கே பக்கத்து சீட்டுக்காரனுக்கே தெரியாது.

தெரிந்தாலும் என்ன செய்கிறோம்? இரண்டாவது சுற்றில் என் டீம் நண்பன் மத்தியானம் போன் செய்தான், சாயங்காலம் ஐந்து வரைக்கும் டைம் கொடுத்திருக்காங்கடா என்று. 'போட்டுடுடா, ரெஃபரல் பார்க்கலாம், லிங்க்ட்இன் அப்டேட் பண்ணி வை' என்றேன். அவனுக்கு நான் செய்த உதவி அவ்வளவுதான். போனை வைத்தபோது எனக்குள் இருந்தது, வெட்கத்தோடு சொல்கிறேன், நிம்மதி. என் பேர் இல்லை.

சேரம்பாடியில் ராத்திரி யானை இறங்கினால், முதலில் பார்த்தவர் அடுத்த வீட்டுக்கு போன் போடுவார். பத்து நிமிஷத்தில் கடைசி லயம் வரை சேதி போய்விடும். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்குக்கூடப் போகும். நம் வீட்டுப் பக்கம் வரவில்லை என்று யாரும் போர்த்திக்கொண்டு தூங்குவதில்லை.

நேற்று காலண்டரில் எனக்கும் ஒரு மீட்டிங் விழுந்தது. திங்கட்கிழமை பதினோரு மணி, சென்னை ஆபீஸில், நேரில் வர வேண்டும். தலைப்பு இல்லை. தெரியாத ஒரு ஹெச்ஆர் பெயர் இருக்கிறது. அப்பாயின்ட்மென்ட் லெட்டரையும் மூன்று வருஷ ரேட்டிங்கையும் பந்தலூரில் பிரிண்ட் போட்டுக்கொண்டேன். எதையும் அங்கேயே எழுதித் தர மாட்டேன், காரணத்தை எழுத்தில் கொடுங்கள் என்று கேட்பேன். இதைச் சொல்லும்போதே குரல் நடுங்குகிறது. வீட்டுக் கடன் இன்னும் பதினோரு வருஷம் இருக்கிறது.

பஸ்ஸுக்குப் பையைக் கட்டும்போது அம்மா கேட்டாள், "கூட யாரு வர்றாங்க?"

டீம் குரூப்பில் போட்டிருக்கிறேன். இதுவரை ரெண்டு பேர் வர்றேன்னு சொல்லியிருக்காங்க.