யார் உயர்த்திய மதிப்பு?

தியாகராய நகர் தானே முளைத்த ஊரன்று. 1920-ஆம் ஆண்டில் நகரமைப்புச் சட்டம் பிறந்தது. பனகல் அரசர் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக வீற்றிருந்த நாளில், மாம்பலத்தை ஒட்டிக் கிடந்த நீண்ட ஏரி தூர்க்கப்பட்டது. தெருக்கள் அளந்து போடப்பட்டன. நடுவே பூங்கா எழுந்தது. ஊருக்குத் தியாகராயர் பெயர், பூங்காவுக்குப் பனகலார் பெயர்! ஏரியைத் தூர்த்தது முறைதானா என்பது வேறு வழக்கு. 2021 நவம்பர் மழையில் அந்நகரத் தெருக்களில் தேங்கி நின்ற தண்ணீர் அவ்வழக்கில் சாட்சி சொல்லிவிட்டுப் போயிற்று. நான் சுட்ட வருவது ஒன்றே: அந்த ஊரை அரசு சமைத்தது, பொதுப்பணம் சமைத்தது, சட்டம் சமைத்தது.

மயிலையிலே சி.ஐ.டி. காலனி, நந்தனத்தை அடுத்து சி.ஐ.டி. நகர் என்கிறோமே, அந்த மூன்றெழுத்து என்ன? சிட்டி இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட்—நகரை மேம்படுத்த அமைந்த பொது நிறுவனம். 1961-இல் அதன் பணியை வீட்டுவசதி வாரியம் ஏற்றது. அடையாற்றுக்குத் தெற்கே பெசன்ட் நகரையும் இந்திரா நகரையும் மனை போட்டுத் தந்ததும் அவ்வாரியமே. பின்னர் 1997-இல் மயிலைக்கும், 2004-இல் திருவான்மியூருக்கும் பறக்கும் ரயில் வந்தது. அதுவும் மக்கள் வரிப்பணம். இன்று அங்கே ஒரு கிரவுண்டு நிலம் பல கோடி என்கின்றனர். இந்தக் கோடிகளை விளைவித்தது யார்? மனைக்குரியவர் வேலி போட்டார், வரி கட்டினார், மறுக்கவில்லை. மதிப்பை உயர்த்தியதோ ஊர்!

அந்த ஊரின் மாடவீதியில் பூத் தொடுப்பவள், ரங்கநாதன் தெருவில் மூட்டை சுமப்பவன், அடையாற்று வீடுகளில் பாத்திரம் துலக்குபவள்—இவர்கள் எங்கே இருப்பது?

1970-இல் குடிசை மாற்று வாரியம் கண்டபோது விடை தெளிவாயிருந்தது. குடிசை இருந்த இடத்திலேயே மாடிவீடு என்றனர். நொச்சிக்குப்பத்து மீனவர் கடலை விட்டுப் போகாமலே கல்வீடு கண்டனர். 2000-க்குப் பின் காற்று திசை மாறிற்று. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று வண்டிகள் தெற்கு நோக்கி நகர்ந்தன. பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000-க்கு மேற்பட்ட வீடுகள். மயிலைக்கும் அதற்கும் ஏறத்தாழ 20 கிலோ மீட்டர். வீடு கிடைத்தது, வேலை போயிற்று. விடியுமுன் எழுந்து பேருந்துக்கு நின்றாள் தாய். பள்ளியை இழந்தான் மகன். வாடகை மிச்சமென்று கணக்கெழுதியவர், பேருந்துக் கட்டணத்தை எந்தப் பத்தியில் எழுதினார்?

2022 மே மாதம். இராஜா அண்ணாமலைபுரத்தில், பக்கிங்காம் கால்வாய்க் கரையிலே கோவிந்தசாமி நகர். உச்ச நீதிமன்ற ஆணைப்படி வீடுகள் இடிபட்டபோது, அங்கு வாழ்ந்த முதியவர் ஒருவர் தம்முடலுக்கே தீயிட்டு மாண்டார். அதன் பின்னரே, அப்பகுதி மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதிகளிலேயே வீடு ஒதுக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். பக்கத்திலேயே வீடு தர இயலும் என்பதைக் காட்ட ஓர் உயிர் எரிய வேண்டுமா? இயலுமென்றால், அதைக் கேட்டுப் பெறும் சலுகையாக வைக்காமல் சட்டமாக எழுதிவிட என்ன தடை?

எழுத முடியாததன்று. 2008-இல் வெளியான இரண்டாம் பெருந்திட்டத்தின் விதிகளைப் பாருங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் குடியிருப்புக் கட்டுவோர், மனையில் பத்து விழுக்காட்டைக் குறைந்த வருவாயினர் வீடுகளுக்கு ஒதுக்க வேண்டும். அங்கேயே கட்டலாம், அல்லது இரண்டு கிலோ மீட்டர் எல்லைக்குள் கட்டலாம் என்றது விதி. அழகான விதி! ஆனால் 10,000 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். மயிலாப்பூரில் இரண்டரை ஏக்கர் மனையைத் தேடினால் கோயிலிடமும் கல்லூரியிடமும்தான் போய் நிற்க வேண்டும். இரண்டு கிரவுண்டிலும் நான்கு கிரவுண்டிலும் பழைய வீட்டை இடித்து அடுக்ககம் எழுப்பும் தெருவில், அவ்விதி யாரைப் பிடிக்கும்? பெரிய மீனுக்கு மட்டும் விரித்த வலை. குளத்திலோ சிறு மீன்களே!

மறுபுறம், கட்டுரிமை வளர்ந்திருக்கிறது. மனைப்பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதைத் தளப்பரப்புக் குறியீடு என்பர். 2019 விதிகளில், சாதாரணக் கட்டடங்களுக்கு ஒன்றரையாக இருந்தது இரண்டாயிற்று. உயர்மாடிகளுக்கு இரண்டரை, மூன்றேகாலாயிற்று. அதற்கு மேலும் வேண்டுவோர், சாலையின் அகலத்தைப் பொறுத்து, வழிகாட்டி மதிப்பின் அடிப்படையில் பணம் கட்டி வாங்கலாம். ஆகாயத்தை அரசு விற்கிறது! விற்கட்டும், நகரம் உயர்ந்து வளர்வதை எதிர்ப்பவனல்லன் நான். மாடி எழ விடாமல் தடுத்தால் வாடகைதான் எழும். அந்தப் பணம் அடிப்படை வசதிகளுக்கு என்கின்றனர். குழாய் அடிப்படை வசதி. சாலை அடிப்படை வசதி. கூரை?

மயிலையில் விற்ற உயரத்தின் விலை மயிலையிலேயே வீடாக வேண்டும். பெருங்கட்டடங்களிடம் பெறும் உறைவிடக் கட்டணமும் அவ்வாறே. சிறு அடுக்ககங்களுக்கும் அளவுக்கேற்ற பங்கு விதிக்கலாம். வீடாகத் தர இடமில்லையேல் பணமாகத் தரட்டும், ஆனால் அப்பணம் அந்த வட்டாரத்தை விட்டு வெளியேறக் கூடாது.

“அங்கே ஒரு வீடு கட்டும் பணத்தில் இங்கே மூன்று கட்டலாமே!” என்பர் கணக்கர்கள். தனியார் நிலத்தைச் சந்தை விலைக்கு வாங்கினால் அது மெய். பட்டினப்பாக்கத்திலும் நொச்சிக்குப்பத்திலும் வாரியத்தின் நிலமே உண்டு. பழைய அடுக்குகளை இடித்து எழுப்புகையில் முன்பிருந்தோர் அனைவரும் திரும்பவும், மேற்கொண்டு புதியவர் சிலர் நுழையவும் இடம் செய்யலாம். முதல் உலகப் போருக்குப் பின் நொடித்துக் கிடந்த வியன்னா, 1923-இல் வீட்டு வரி விதித்தது. மாளிகைக்கு மிகுதியாகவும் சிறுவீட்டுக்குச் சொற்பமாகவும் விதித்து, உழைப்பாளருக்கு நகருக்குள்ளேயே பல்லாயிரம் இல்லங்கள் கட்டிற்று. 1960-இல் வாரியம் தொடங்கிய சிங்கப்பூரில், இன்று பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேர் அவ்வாரிய வீடுகளிலேயே வாழ்கின்றனர். தமிழர்களும் அவர்களில் உண்டு. நம்மவர்க்கு அடுக்குமாடி ஒத்துவராது என்போர் அங்கே போய்ப் பார்த்து வரட்டும்.

இரண்டாம் பெருந்திட்டத்தின் காலக்கணக்கு 2026 வரை. அடுத்த இருபதாண்டுக்கான மூன்றாம் திட்டத்தில் வண்ணந்தீட்டிய வரைபடங்கள் பல இருக்கும். திருமயிலை, மந்தைவெளி, கஸ்தூரிபாய் நகர் நிலையங்களிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் ஏழைக்கு எத்தனை வீடு, எந்த ஆண்டுக்குள், எந்தப் பணத்தில்—இந்த எண்களை அதில் தேடுங்கள், தோழர்களே. இல்லையேல், திட்டத்தின் மீது கருத்துக் கேட்கும் நாளில் எழுந்து நின்று கேளுங்கள்.