அப்பாவுக்கு நடுக்குவாதம்... மாத்திரையை எப்போது ஆரம்பிப்பது?

கேள்வி: ‘‘என் அப்பாவுக்கு 64 வயது. 2 ஏக்கர் நஞ்சை, இரண்டு கறவை மாடுகள் உள்ளன. ஒரு வருடமாக அப்பாவின் வலது கை நடுங்குகிறது. நடையும் சுருங்கிவிட்டது. நான்கு மாதங்களுக்கு முன் நரம்பியல் மருத்துவர் பார்த்துவிட்டு, பார்க்கின்சன் நோய் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். ‘இப்பவே ஆரம்பிச்சா அஞ்சு வருஷத்துல மாத்திரை கேக்காது. ரொம்ப முடியாம போனப்புறம் பாத்துக்கலாம்’ என்கிறார் அண்ணன். அப்பாவும் ‘எனக்கு ஒண்ணுமில்ல’ என்கிறார். மருந்துச் சீட்டு அலமாரியிலேயே கிடக்கிறது. ஆனால், இப்போது பால் கறப்பது அம்மாதான். போன மாதம் அப்பா வரப்பில் விழுந்துவிட்டார். இன்னும் காத்திருக்கலாமா?’’

- வாசகி, ஒரத்தநாடு.

பதில்: மாத்திரையைத் தள்ளிப்போட்டால் அதன் பலன் பின்னாளுக்கு மிச்சமாகும் என்பது சரியல்ல. நோயால் அன்றாட வேலை தடைபடத் தொடங்கினால், அதுதான் மாத்திரையை ஆரம்பிக்க வேண்டிய நேரம். உங்கள் கடிதத்தைப் பார்த்தால், அப்பாவுக்கு அந்த நேரம் வந்துவிட்டதாகவே தெரிகிறது. மருந்துச் சீட்டு எழுதி நான்கு மாதங்கள் ஆகிவிட்டதால், மீண்டும் ஒருமுறை மருத்துவரைப் பார்த்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

உங்கள் அண்ணன் சொல்வது அவர் மட்டும் சொல்வதல்ல. ஒரு காலத்தில் மருத்துவர்களிலேயே பலர் அப்படி நினைத்தார்கள். அந்த எண்ணம் ஏன் வந்தது, ஏன் மாறியது என்பது தெரிந்தால் வீட்டில் பேசுவது சுலபம்.

மூளையின் நடுப்பகுதியில் ‘டோபமின்’ என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் இருக்கின்றன. கை, கால் அசைவு தடையில்லாமல் நடக்க இந்த டோபமின் தேவை. பார்க்கின்சன் நோயில் இந்தச் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. கை நடுக்கம் வெளியே தெரியும்போதே கணிசமான செல்கள் போயிருக்கும். ‘லெவோடோபா’ மாத்திரை மூளைக்குள் போய் டோபமினாக மாறி, அந்தக் குறையை ஈடுசெய்கிறது. கிணறு வற்றும்போது டேங்கரில் தண்ணீர் வாங்கி வயலுக்கு விடுவதைப் போலத்தான் இது. பயிர் பிழைக்கும், ஆனால், கிணறு வற்றுவது நிற்காது. வாங்கி விட்ட தண்ணீரால் கிணறு சீக்கிரம் வற்றிவிடுவதும் இல்லை.

ஆரம்ப வருடங்களில், மிச்சமுள்ள செல்கள் மருந்தை வாங்கி வைத்துக்கொண்டு நிதானமாகச் செலவழிக்கும். அதனால் ஒரு நாளுக்கு மூன்று வேளை மாத்திரையிலேயே நாள் முழுக்க ஓடிவிடும். செல்கள் குறையக் குறைய, சேமித்து வைக்க இடம் இருக்காது. ஒரு வேளை மாத்திரை வேலை செய்யும் நேரம் சுருங்கும். சிலருக்குக் கை, கால் தானாக நெளியவும் செய்யும். இதைப் பார்த்துத்தான் ‘மாத்திரை கேக்காம போச்சு’ என்கிறார்கள். இதற்கு முக்கியக் காரணம், நோய் வளர்ந்திருப்பது. மாத்திரையின் அளவு அதிகமாக இருந்தாலும், இளம் வயதில் நோய் வந்திருந்தாலும் இந்தத் தொல்லைகள் கூடுதலாக வரலாம். அதனால்தான் வேலைக்குப் போதுமான குறைந்த அளவையே மருத்துவர்கள் எழுதுகிறார்கள்.

ஆப்பிரிக்காவில் உள்ள கானா நாட்டில் பலருக்கு மாத்திரை எளிதில் கிடைப்பதில்லை. நோய் வந்து பல வருடங்கள் கழித்தே அவர்கள் ஆரம்பித்தார்கள். இத்தாலியில் உள்ளவர்கள் சீக்கிரமே ஆரம்பித்தார்கள். இரு நாட்டு நோயாளிகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2014-ம் ஆண்டு வெளியானது. நோய் தொடங்கி ஏறக்குறைய அதே காலத்தில்தான் இரு தரப்புக்கும் அந்தத் தொல்லைகள் வந்திருந்தன. தாமதமாக ஆரம்பித்தவர்களுக்கு மிஞ்சியது, மாத்திரை இல்லாமல் கஷ்டப்பட்ட வருடங்கள்தான்.

நெதர்லாந்தில் 445 பேரிடம் நடந்த ஆய்வு 2019-ம் ஆண்டு வெளியானது. ஒரு பிரிவினருக்கு உடனே லெவோடோபா கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு 40 வாரங்கள் கழித்துக் கொடுத்தார்கள். 80-வது வாரத்தில் பார்த்தபோது, இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். சீக்கிரம் ஆரம்பித்ததால் கெடுதலும் வரவில்லை. நோய் வளர்வதும் தடைபடவில்லை. எனவே, நோய் தெரிந்த அன்றே மாத்திரை போட்டாக வேண்டும் என்ற அவசரமும் இல்லை. லேசான நடுக்கம் மட்டும் இருந்து, எந்த வேலையும் கெடாதவர்கள் உடற்பயிற்சி செய்துகொண்டு, சில மாதங்களுக்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்டிக்கொண்டு காத்திருக்கலாம்.

வேலைதான் அளவுகோல்

நேரத்தை முடிவு செய்ய ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. வீட்டில் இருப்பவர்கள் இவற்றைக் கவனித்தால் போதும்.

* பால் கறப்பது, களை பறிப்பது, மண்வெட்டி பிடிப்பது போன்ற வேலைகளில் எதையாவது விட்டுவிட்டாரா?

* சட்டைப் பொத்தான் போட, வேட்டி கட்ட, சோறு பிசைந்து சாப்பிட முன்பைவிட அதிக நேரம் ஆகிறதா?

* படுக்கையில் புரண்டு படுக்க, கட்டிலிலிருந்து எழுந்திருக்கச் சிரமப்படுகிறாரா?

* நடுங்கும் கையைத் துண்டுக்குள் மறைக்கிறாரா? டீக்கடை, கல்யாணம், காதுகுத்துக்குப் போவதைத் தவிர்க்கிறாரா?

* மனம் சோர்ந்து, பேச்சைக் குறைத்துக்கொண்டாரா? மனச்சோர்வும் இந்த நோயின் ஒரு பகுதியாக வரக்கூடியது.

உங்கள் அப்பா பால் கறப்பதை விட்டுவிட்டார். அவர் ‘ஒண்ணுமில்ல’ என்று சொன்னாலும், அந்த வேலை அம்மா தலையில் விழுந்திருக்கிறது. அதனால் அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அம்மாவையும் அழைத்துப் போங்கள். அப்பா மறைப்பதை அம்மாதான் சொல்ல முடியும்.

வரப்பில் விழுந்ததை மருத்துவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். சேறு வழுக்கியதா, கால் எழும்பாமல் தடுக்கியதா, எழுந்து நின்றதும் தலை சுற்றியதா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கின்சன் நோயின் தொடக்கத்திலேயே அடிக்கடி விழுவது வழக்கமில்லை. அப்படி விழுந்தால், வேறு நோயா என்று மருத்துவர் மறுபடியும் பார்ப்பார்.

ஆரம்பிக்கும் முன்பும் பின்பும்

அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். தலைசுற்றலுக்குக் கொடுக்கும் சின்னரிசின், ஃப்ளூனரிசின், வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைட் போன்றவை சிலருக்குப் பார்க்கின்சன் போன்ற நடுக்கத்தையும் இறுக்கத்தையும் உண்டாக்கும். அப்படியிருந்தால், மருத்துவர் முதலில் அந்த மாத்திரையை மாற்றுவார்.

60 வயதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரையைத்தான் முதலில் தருவார்கள். பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்றவற்றை வயது குறைந்தவர்களுக்குத் தருவது உண்டு. இவற்றால் சிலருக்குத் திடீர்த் தூக்கம் வரும். டிராக்டர், பைக் ஓட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சூதாட்டம், அளவில்லாத செலவு என்று குணம் மாறினாலும் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நடுக்கத்துக்குத் தரும் ட்ரைஹெக்ஸிபெனிடில், வயதானவர்களுக்கு மறதி, குழப்பம், சிறுநீர்த் தடை ஆகியவற்றை உண்டாக்கலாம். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரை என்று எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

லெவோடோபாவைக் குறைந்த அளவில் ஆரம்பித்து, வாரக்கணக்கில் கூட்டுவார்கள். இரண்டே நாளில் ‘பலனில்லை’ என்று விடக் கூடாது. பொதுவாக உடல் இறுக்கமும் மந்தமும் நன்றாகக் குறையும். நடுக்கம் சிலருக்கு அந்த அளவுக்குக் குறையாது. சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு போடுவது நல்லது. ஆரம்பத்தில் குமட்டல் இருந்தால், பிஸ்கட் போல லேசாக எதையாவது சாப்பிட்டுவிட்டுப் போடலாம். பருப்பு, முட்டை, கறி அதிகமுள்ள சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் சிலருக்கு மருந்து சரியாகச் சேராது. இரும்புச்சத்து மாத்திரையையும் இதோடு சேர்த்துப் போடக் கூடாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். படுக்கையிலிருந்து எழும்போது சற்று உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள். முக்கியமாக, மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. காய்ச்சல், கடும் இறுக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். நடவு, அறுவடை நேரத்தில் மாத்திரை தீர்ந்துபோகாமல் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

மாத்திரை போட்டாலும் போடாவிட்டாலும், உடற்பயிற்சியை இன்றே ஆரம்பிக்க வேண்டும். கையை வீசி, காலை எட்டிவைத்து நடப்பது, இயன்முறை மருத்துவர் சொல்லும் பயிற்சிகள் எல்லாமே உதவும்.

கடைசி முடிவு அப்பாவுடையது. ‘மாத்திரை போடுறீங்களா, இல்லையா?’ என்று கேட்டால் வீம்புதான் வரும். ‘எந்த வேலையைப் பழையபடி செய்யணும்னு ஆசைப்படுறீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘மாடு கறக்கணும்’ என்றால், அதையே மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரை பலன் தருகிறதா என்பதையும் அதை வைத்தே பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: ‘‘தென்னைக்கு இடையில் மூடுபயிராகப் பூனைக்காலி போட்டிருக்கிறோம். அதன் விதையில் நடுக்குவாதத்துக்கு மருந்து இருப்பதாகச் சொல்கிறார்கள். நோயுள்ள என் அம்மாவுக்குப் பொடி செய்து கொடுக்கலாமா?’’

- வாசகர், தேனி.

பதில்: பூனைக்காலி விதையில் லெவோடோபா இருப்பது உண்மை. 1937-ம் ஆண்டிலேயே தாமோதரன், ராமசாமி என்ற சென்னை ஆய்வாளர்கள் இந்த விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். ஆனால், வீட்டில் பொடித்துக் கொடுப்பது ஆபத்து. ரகத்துக்கு ரகம், நிலத்துக்கு நிலம் விதையில் உள்ள மருந்தின் அளவு மாறும். இன்று கொடுத்த ஒரு ஸ்பூனில் எவ்வளவு போனது என்று யாராலும் சொல்ல முடியாது. மாத்திரையில் உள்ள கார்பிடோபா, மூளைக்குப் போகும் முன்பே மருந்து வீணாவதைத் தடுக்கிறது, குமட்டலையும் குறைக்கிறது. விதையில் அது இல்லை. ஏற்கெனவே மாத்திரை போடுபவருக்குப் பொடியும் கொடுத்தால் அளவு மீறி, ரத்த அழுத்தம் இறங்குவது, மனக்குழப்பம், கை, கால் நெளிவது போன்றவை வரலாம். சித்த மருத்துவர் தரும் மருந்தில் பூனைக்காலி இருந்தால், அதை நரம்பியல் மருத்துவரிடமும், மாத்திரை விவரத்தைச் சித்த மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். தோட்டத்தில் விளைந்ததை மண்ணுக்கு உரமாக்குங்கள். அம்மாவுக்கு அளவு தெரிந்த மருந்தைக் கொடுங்கள்.