ஆமை உறங்கவில்லை!



நம் ஜொகூர் மாநிலத்தில் பனிக்காலம் என்று ஒன்று கிடையாது. இது முதலாம் ஆண்டு மாணவனுக்கும் தெரியும். ஆயினும், ஆண்டிறுதி மழைக்காலம் வந்துவிட்டால், "எங்கள் வீட்டு ஆமை சாப்பிடவில்லை, அது பனிக்கால உறக்கத்தில் இருக்கிறது" என்று கூறும் மாணவர்களையும் பெற்றோர்களையும் ஆண்டுதோறும் சந்திக்கிறேன். ஆமை வளர்ப்பைப் பற்றித் தொடக்கப்பள்ளி ஆசிரியர் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். இஃது ஆமையைப் பற்றிய சிக்கல் மட்டுமன்று. அறிவை நாம் கற்பிக்கும் முறையைப் பற்றிய சிக்கலும் ஆகும். அதனால்தான் எழுதுகிறேன்.

இரவல் அறிவு

பனிக்கால உறக்கம் என்பது பொய்யன்று. நடுநிலக்கடலை ஒட்டிய ஐரோப்பிய நாடுகளில் வாழும் எர்மன் ஆமையும் நடு ஆசியாவின் ரஷ்ய ஆமையும் கடுங்குளிரில் உடலியக்கத்தைக் குறைத்துக்கொண்டு உறங்குகின்றன. அவற்றை வளர்ப்போர், உறக்கத்திற்குமுன் குடல் காலியாக வேண்டும் என்பதற்காகச் சில வாரங்களுக்கு முன்பே உணவை நிறுத்துவர். பிறகு 5 பாகை செல்சியஸை ஒட்டிய குளிரில் வைத்திருப்பர். குளிர்நாடுகளில் எழுதப்பட்ட நூல்கள் இதனை விரிவாகச் சொல்கின்றன. அந்த நாட்டுக்கும் அந்த ஆமைக்கும் அது சரி.

நம் நாட்டில் பலர் விரும்பி வளர்க்கும் சுல்காத்தா ஆமையோ சகாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பைச் சேர்ந்தது. நட்சத்திர ஆமை தமிழ்நாடு, ஆந்திரம், குஜராத், ராஜஸ்தான், இலங்கை ஆகிய பகுதிகளின் வறண்ட புதர்க்காடுகளுக்குரியது. இவ்விரண்டும் பனிக்கால உறக்கம் கொள்வதில்லை. சொல்லப்போனால், நட்சத்திர ஆமை தன் சொந்தக் காட்டில் மழைக்காலத்தில்தான் மிகுதியாக நடமாடி மேய்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்பு, விடுமுறை முடிந்து வகுப்புக்குத் திரும்பிய மாணவன் ஒருவன், தன் ஆமை உறங்கியதாகவும் பிறகு எழவே இல்லை என்றும் சொன்னான். ஆங்கில நூல் ஒன்றில் படித்ததை நம்பி, அதனைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று மூன்று வாரங்கள் ஒரு பெட்டியில் வைத்திருக்கிறான். உணவில்லை, வெயிலில்லை. அவன் சோம்பேறி அல்லன். கற்றதை அப்படியே பின்பற்றிய நல்ல மாணவன். "இஃது எந்த நாட்டுக்குச் சொன்னது?" என்று கேட்க மட்டும் அவனுக்கு யாரும் பழக்கியிருக்கவில்லை.

மழைக்காலத்தில் என்ன நடக்கிறது?

நவம்பர் முதல் மார்ச் வரை நமக்கு வடகிழக்குப் பருவமழை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியையும் சிகாமட்டையும் மூழ்கடித்த வெள்ளத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். அடைமழை நாள்களில் வெப்பநிலை 22, 23 பாகைக்கு இறங்கும். நமக்கு அது போர்வைக்கு ஏற்ற இதமான குளிர். ஆமைக்கு அப்படியன்று. தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாத உயிர் அது. உடல் சூடேறினால்தான் அதற்குப் பசிக்கும், தின்றது செரிக்கும். சுல்காத்தா போன்ற வெப்பநாட்டு ஆமைக்குப் பகலில் ஏறத்தாழ 30 பாகை வெப்பம் கிடைக்கும் இடம் ஒன்று வேண்டும்.

எனவே, மழைக்காலத்தில் உண்ணாத ஆமை உறங்கவில்லை. அது குளிரில் வாடுகிறது அல்லது நோயுற்றிருக்கிறது. மூக்கில் நீர் வடிந்தாலோ, வாயில் குமிழி தோன்றினாலோ, மூச்சில் சீழ்க்கை ஒலி கேட்டாலோ உடனே விலங்கு மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

என்ன கொடுக்கலாம்?

சுல்காத்தா, நட்சத்திர ஆமை போன்ற புல்வெளி ஆமைகளுக்கு ஏற்றவற்றைக் கீழே தருகிறேன்.

1. புல்லே முதன்மை உணவு. மழைக்காலத்தில் நல்ல புல் கிடைக்காவிட்டால், முயலுக்கென்று கடைகளில் விற்கும் உலர்புல்லைச் சிறிதாக நறுக்கி, நீர் தெளித்துக் கொடுக்கலாம். சாலையோரத்திலும் செம்பனைத் தோட்ட ஓரத்திலும் புல் அறுக்க வேண்டா. அங்கே களைக்கொல்லி தெளித்திருக்கக்கூடும்.

2. செம்பருத்தி இலையும் பூவும் மிக நல்லவை. நம் தேசிய மலர் வேலியோரத்தில் பூத்துக் கிடக்க, ரொட்டித் துண்டு எதற்கு? முசுக்கட்டை இலையும் ஏற்றது.

3. சந்தையில் 'சாவி' என்று வாங்கும் கடுகுக்கீரையையும் முட்டைக்கோசையும் எப்போதாவது, பிறவற்றோடு கலந்து கொடுக்கலாம். 'பாயாம்' கீரையில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி. அது சுண்ணாம்புச் சத்தை உடல் ஏற்கவிடாமல் தடுக்கும். அதனை நாள்தோறும் கொடுத்தல் கூடாது.

4. சோறு, ரொட்டி, பிஸ்கட், பூனை உணவு ஆகியவை வேண்டவே வேண்டா. வாழைப்பழம், பப்பாளி போன்றவற்றின் சர்க்கரை இவ்வினங்களின் குடலைக் கெடுக்கும். ஆமை உண்ணவில்லையே என்று இரக்கப்பட்டுப் பழத்தை ஊட்டுவோர் பலர். முதலில் வெப்பத்தைக் கொடுங்கள். பசி தானே வரும்.

5. ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். கணவாய் ஓட்டைக் கூட்டில் போட்டு வைத்தால் தேவைப்படும்போது கடித்துக்கொள்ளும். ஆனால், அச்சத்து உடலில் சேர வெயிலின் புற ஊதாக் கதிர் தேவை. சன்னல் கண்ணாடி அக்கதிரைப் பெரிதும் தடுத்துவிடும். வெயில் அடிக்கும் ஒரு மணி நேரமானாலும் வெளியே விடுங்கள். நிழலும் அருகில் இருக்கட்டும். வெயிலே இல்லையேல் அதற்கென விற்கும் விளக்கு வேண்டும்.

6. வாரத்தில் இரண்டு மூன்று முறை, கழுத்துக்குக் கீழே நிற்கும் அளவு வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் விடுங்கள். ஓடு கூம்பு கூம்பாகப் புடைப்பதற்குப் புரத உணவைக் காட்டிலும் காற்றில் ஈரப்பதம் குறைவதே பெரிய காரணம் என்று சுல்காத்தா குட்டிகளைக் கொண்டு செய்து 2003-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

நீரில் வாழும் ஆமைகளுக்கு உணவு முறை வேறு. இவற்றை அவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. எந்த ஆமையைத் தொட்டாலும் பிள்ளைகள் சவர்க்காரமிட்டுக் கை கழுவ வேண்டும். ஆமைகள் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடியவை. அதனால்தான் அமெரிக்கா 1975-இலேயே சிறு ஆமைகளின் விற்பனையைத் தடை செய்தது.

வாங்குவதற்கு முன்

நட்சத்திர ஆமையைக் காட்டிலிருந்து பிடித்துக் கடத்துவது நீண்ட காலமாக நடந்து வரும் கொடுமை. 2019-இல் சைட்டிஸ் உடன்பாட்டின் முதலாம் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. வணிகத்திற்காகக் காட்டு ஆமைகளை நாடு விட்டு நாடு கொண்டு செல்ல முடியாது. நம் நாட்டில் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் உள்ளது. எந்த ஆமையாயினும் முதலில் பெர்ஹிலித்தான் துறையிடம் உரிமம் பற்றிக் கேட்டறியுங்கள். சுல்காத்தாவோ 45 கிலோவுக்கும் மேல் வளரும். 50 ஆண்டுகளுக்கும் மேல் வாழும். ஏழு வயதுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கினால், அவன் தாத்தாவான பின்னும் அது புல் கேட்கும்.

"ஆமைதானே, பல நாள் பட்டினி கிடக்கும்" என்பார் உண்டு. கிடக்கும், அதனால்தான் ஆபத்து. நாய் பசித்தால் குரைக்கும்; பூனை காலைச் சுற்றும். ஆமை ஒன்றும் சொல்லாது. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்றொரு பழமொழி நம்மிடம் உண்டு. நான் கண்டவரையில் உருப்படாமல் போவது பெரும்பாலும் ஆமைதான்! ஆண்டிறுதியில் குடும்பத்தோடு தமிழ்நாட்டுக்குப் பயணம் செல்வோர், ஆமைக்கு யார் உணவு வைப்பார் என்பதை விமானச் சீட்டு வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டும்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். விலங்குகளின் தகவமைப்பைக் கற்பிக்கும்போது பனிக்கரடியோடு நின்றுவிடாதீர்கள். "இது நம் ஊரில் நடக்குமா? ஏன் நடக்காது?" என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள். ஆமை வளர்க்கும் மாணவனிடம், வாரம் ஒரு முறை அதனை நிறுத்து எடையைக் குறித்து வரச் சொல்லுங்கள். அளவை, அட்டவணை, பொறுப்பு மூன்றையும் அவன் ஒருசேரக் கற்பான். எடை குறையும்போது, அது உறக்கமா நோயா என்று அவனே கேட்பான். அந்தக் கேள்வி வந்துவிட்டால் அறிவியல் பாடம் நன்றாக நடந்திருக்கிறது என்று பொருள்.