விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதவள்

வில்லா கேத்தர் 1913இல் எழுதிய 'ஓ பயனியர்ஸ்!' நாவல் நெப்ராஸ்கா சமவெளியில் நடக்கிறது. சுவீடனிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். சாகும் தறுவாயில் தகப்பன், நிலத்தை நடத்தும் பொறுப்பை மகன்களிடம் தராமல் மூத்த மகள் அலெக்ஸாண்ட்ராவிடம் தருகிறான். பிறகு மழை பொய்க்கிறது. அக்கம்பக்கத்தார் நிலத்தை விற்றுவிட்டு ஊரைக் காலி செய்கிறார்கள். தம்பிகளும் போய்விடலாம் என்கிறார்கள். அவளோ கையிலிருக்கும் நிலத்தை அடமானம் வைத்து, போகிறவர்களின் நிலத்தை வாங்குகிறாள். தகப்பன் இறந்து பதினாறு ஆண்டுகள் கழிந்தபோது அந்த வட்டாரத்தின் செழிப்பான பண்ணைகளில் ஒன்று அவளுடையது. நாற்பதை எட்டிய அக்கா தன் பழைய சிநேகிதனை மணந்துவிடுவாளோ என்ற பயத்தில் தம்பிகள் இருவரும் வந்து நிற்கிறார்கள். குடும்பத்துச் சொத்து ஆண்களுக்குத்தான் உரியது என்கிறார்கள். நிலம் யார் பேரில் இருக்கிறதென்று போய்ப் பதிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள் என்று அவள் பதில் சொல்கிறாள்.

இந்த இடத்தைப் படிக்கும்போது நமக்கு நெப்ராஸ்கா நினைவில் நிற்பதில்லை. விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ செஞ்சியிலோ சார்பதிவாளர் அலுவலக வாசலில் ஒரு நல்ல நாளில் நின்று பாருங்கள். அண்ணன் தம்பிகளோடு ஒரே வண்டியில் வந்து இறங்குகிறாள் தங்கை. சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் முன்பே தயாராக இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் கேட்பதில்லை. கேட்டால் கூடப்பிறந்தவர்களைச் சந்தேகப்பட்டதாகிவிடும். கையெழுத்து, கைரேகை, ஒரு பட்டுப்புடவை, தாய்வீட்டு வாசல் அடைபடாது என்ற நம்பிக்கை. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் செய்தது. 2005இல் மத்தியச் சட்டமும் திருத்தப்பட்டது. ஆனாலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்ற பெண் நம் கதைகளுக்குள் வரும்போது குடும்பத்தைப் பிரித்தவளாகவே வருகிறாள். அவள் பக்கத்திலிருந்து அந்த நாளைச் சொன்ன கதைக்காக இந்த இதழ் காத்திருக்கிறது.

1900க்கும் 1925க்கும் இடைப்பட்ட கால் நூற்றாண்டில் அமெரிக்க நாவல் ஒரு பெரிய காரியத்தைச் செய்தது. ஆசைப்பட்ட பெண்ணைக் கடைசியில் தண்டித்தாக வேண்டும் என்ற வழக்கத்தை அது கைவிட்டது. 1899இல் கேட் ஷோபனின் 'தி அவேக்கனிங்' நாயகி கடலுக்குள் நடந்து போனாள். அடுத்த ஆண்டே தியோடர் டிரைசரின் 'சிஸ்டர் கேரி' வந்தது. சிறு ஊரிலிருந்து சிகாகோவுக்கு ரயிலேறும் பதினெட்டு வயதுப் பெண், செருப்புத் தொழிற்சாலை வேலை, பிறகு நாடக மேடை, புகழ். இடையில் இரண்டு ஆண்களோடு வாழ்ந்தவளுக்கு ஒரு தண்டனையும் வராததுதான் அந்தப் புத்தகத்தின் பதிப்பகத்தையே கலங்க வைத்தது. இன்று விழுப்புரம் ஜங்ஷனில் சென்னை ரயிலுக்குக் காத்திருக்கும் பெண்களும், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்து போகும் பெண்களும் கேரியின் வயதுக்காரர்கள். 1915இல் கேத்தரே எழுதிய 'தி சாங் ஆஃப் தி லார்க்' நாவலின் தீயா, பாடகியாக வேண்டும் என்ற ஒன்றுக்காகத் தாய் சாகக் கிடக்கும்போதும் ஊருக்குத் திரும்பவில்லை. கேத்தர் அவளுக்காக மன்னிப்புக் கேட்கவில்லை. எட்னா ஃபெர்பரின் 'ஸோ பிக்' (1924) நாயகி செலினா, கணவன் செத்தபின் தானே காய்கறி வண்டியை ஓட்டிக்கொண்டு சிகாகோ சந்தைக்குப் போகிறாள். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மல்லாட்டை மூட்டைக்குக் காவலாக இரவெல்லாம் உட்கார்ந்திருக்கும் நம் ஊர்ப் பெண்களுக்கு அவளைச் சட்டென்று அடையாளம் தெரியும்.

ஆசைப்பட்ட பெண்களின் சரித்திரத்தில் திண்டிவனத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அமெரிக்காவில் படிப்பை முடித்த ஐடா ஸ்கடர், 1890இல் நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ளத் திண்டிவனம் வந்தார். தலைமுறைகளாக மிஷன் ஊழியம் செய்த குடும்பம் அது. தனக்கு அந்த வாழ்க்கை வேண்டாம், சீக்கிரம் திரும்பிவிட வேண்டும் என்பதே அவர் எண்ணம். ஒரே இரவில் மூன்று ஆண்கள் வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியரைக் காப்பாற்ற அழைத்தார்கள். டாக்டரான தந்தை போகத் தயாராக இருந்தும், ஆண் மருத்துவர் வேண்டாம் என்றார்கள். ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அமெரிக்கா திரும்பி மருத்துவம் படித்து, 1899இல் கார்னெல்லில் பட்டம் வாங்கி, வேலூரில் அவர் எழுப்பியதுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை.

இந்தக் கதை நம் பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் எப்போதும் ஓர் அழைப்பின் கதையாகவே சொல்லப்படுகிறது. அதில் குறை காண நாம் வரவில்லை. ஆனால் ஐடாவுக்குள் இருந்த பேராசையையும் சொல்ல வேண்டும். பணம் திரட்டவும், அதிகாரிகளோடு வாதாடவும், பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி கேட்கவும் அவரால் முடிந்தது. அதைத் தொண்டு என்று சொன்னபோது உலகம் வழிவிட்டது. எனக்கு வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தால் விட்டிருக்காது. 1918இல் அந்தப் பள்ளி திறந்தபோது 150க்கும் மேற்பட்ட பெண்கள் விண்ணப்பித்தார்கள். யாருடைய மகள்கள் அவர்கள்? விண்ணப்பத்தை வீட்டில் காட்டினார்களா, மறைத்தார்களா? இடம் கிடைக்காதவர்கள் என்ன ஆனார்கள்? நாம் படித்த தமிழ் நாவல்களில் அவர்களில் ஒருத்தியும் இல்லை. அந்த இரவில் இறந்த மூவருக்கும், அவர்கள் சாவிலிருந்து பிறந்த கதையிலேயே, பெயர் இல்லை.

நம்மிடம் தொடக்கம் இல்லாமலில்லை. 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, உடல் நலம் கெட்டுப் படிப்பை விட்ட கிருபாபாய் சத்தியநாதன், அந்த அனுபவத்தையும் சேர்த்து 'சகுணா' நாவலை ஆங்கிலத்தில் எழுதினார். கேத்தருக்குக் கால் நூற்றாண்டு முந்தியவர். தமிழில் வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925 முதல் 'ஜகன்மோகினி'யை நடத்தினார், 115 நாவல்கள் எழுதினார், சிறை சென்றார். அவருடைய எந்தக் கதாநாயகியையும்விட அவர் வாழ்க்கை துணிச்சலானது என்பது நம் கருத்து. விழுப்புரத்தில் மாமா வீட்டில் வளர்ந்த ஜெயகாந்தன், கங்காவைப் படைத்தார். படித்தவள், சம்பாதிக்கிறவள், பெரிய உத்தியோகம். ஆனால் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' முழுவதும் அவளைத் துரத்துவது ஒரு மழை நாளின் சம்பவம். அவள் வேலை கதையின் ஓரத்திலேயே நின்றுவிடுகிறது. அவ்வளவு பெரிய கலைஞன், அவ்வளவு கூர்மையான பெண்ணின் எட்டு மணி நேர உழைப்புக்குள் நுழையாமல் போனது நமக்கு இழப்பு. 1989இல் ப. சிவகாமியின் 'பழையன கழிதலும்' கௌரியைத் தந்தது. சாதியும் தகப்பனும் சேர்ந்து மறிக்கும் வழியில் பிடிவாதமாகப் படித்து மேலேறும் அந்தப் பெண்ணிடமிருந்து தமிழ் நாவல் இன்னும் நிறையக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அமெரிக்கக் கதைகளையும் கண்மூடி ஏற்க வேண்டியதில்லை. அலெக்ஸாண்ட்ரா வாங்கிய நிலம் பூர்வகுடிகளிடமிருந்து பறிக்கப்பட்டது. நாவல் அதைப் பேசவில்லை. நெல்லா லார்சன் என்ற கறுப்பின எழுத்தாளர் 1928இல் 'குவிக்சாண்ட்' எழுதினார். அதன் நாயகி ஹெல்கா ஆசிரியை. ஹார்லெம், கோபன்ஹேகன் என்று சுதந்திரம் தேடி அலைந்தவள். கடைசியில் தெற்கின் ஒரு சிற்றூரில், ஒரு போதகரின் மனைவியாக, அடுத்தடுத்த பிரசவங்களில் சிக்கிக்கொள்கிறாள். ஆசை எல்லோருக்கும் இருக்கிறது, வழி எல்லோருக்கும் திறப்பதில்லை என்பதைக் காலனிகளிலும் சேரிகளிலும் இருந்து படிக்க வரும் நம் மாணவிகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கட்டணமில்லாப் பேருந்திலும் மாதம் ஆயிரம் ரூபாயிலும் அவர்கள் கல்லூரி வாசல்வரை வந்துவிட்டார்கள். வீட்டில் ஏன் படிக்கிறாய் என்று கேட்டால் மட்டும் தம்பிக்காக, அம்மாவுக்காக என்று சொல்கிறார்கள். எனக்காக என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. அந்தப் பதிலை முதலில் கதைகள் பழக்கப்படுத்த வேண்டும்.

ஆகவே அடுத்த இதழின் பெரும்பகுதியை விழுப்புரம் மாவட்டத்துப் பெண்களின் கதைகளுக்கும் தன்வரலாற்றுக் குறிப்புகளுக்கும் ஒதுக்குகிறோம். செவிலியர், ஆசிரியை, தையல்காரி, கம்பெனித் தொழிலாளி, கரும்பு வெட்டுபவர், பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர், போடாதவர், யாரானாலும் எழுதுங்கள். உங்கள் வேலையை விவரமாக எழுதுங்கள். எதற்கு ஆசைப்பட்டீர்கள் என்பதை மறைக்காமல் எழுதுங்கள். எழுத நேரமில்லாதவர்கள் சொன்னால் நாங்கள் வந்து கேட்டு எழுதிக்கொள்கிறோம். பெயர் வெளியாக வேண்டாம் என்றால் புனைபெயரில் வரும்.